விதைக்காத மூலை

பழனியில் பிறந்து கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் முதல் பிள்ளை, பெண், பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். இடம் தாய்க்குத் தெரிந்தால் அடுத்தது தங்காது என்பது ஊர்ப் பேச்சு. பின்னால் இரண்டு பிறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1960களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூண்டு மூட்டைகளோடு லாரியில் கொடைக்கானல் சந்தைக்கு வந்தோம். விற்று முடிந்ததும், ஏரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அவ்வளவு சொன்னதே பெரிது.

ஏரிக்கு மேலே வழி தவறி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தோம். நான் பூங்கா என்றுதான் நினைத்தேன். பூண்டையும் உருளைக்கிழங்கையுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தாங்கவில்லை. தலையளவு டேலியா, நீலமாகக் கொத்துக் கொத்தாய் ஏதோ ஒரு பூ, வேலி முழுக்க ரோஜா. வானத்துக்கு வளர்ந்த மரங்களிலிருந்து மூடுபனி சொட்டியது. கோயில் கருவறை முன்னால் நிற்பதுபோல வாயடைத்து நின்றேன்.

அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? இவ்வளவு நல்ல மண்ணைப் பூவுக்கு விட்டிருக்கிறார்களே, உங்களைப் போலவே ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்று அவரைச் சீண்டினேன். எங்கள் மேல்காட்டில் ஒரு மூலையில் மட்டும் அவர் பூண்டு போடமாட்டார். களை மட்டும் எடுப்பார். விதைக்காத நிலத்துக்குக் களை எடுக்கிறவர் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு குட்டைக் கல்மேடையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தேன். பனி விலகியது. சுற்றிலும் பாசி பிடித்த கல் சிலுவைகள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, இது வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் என்றார். தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பெண்கள் இடுகாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். நான் அங்கே சோறு பிரித்திருக்கிறேன்.

எழுந்து பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தது தொட்டில் அளவுக் கல்லறை. ஓரத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைச் செதுக்கியிருந்தார்கள். எழுத்து ஆங்கிலம், எண்கள் எனக்குத் தெரியும். பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றே, அதுவும் போன நூற்றாண்டு. பெற்றவர்கள் கப்பலேறிப் போய் எங்கேயோ மண்ணாகியிருப்பார்கள். இன்னும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கல் இருக்கிறது, பூ இருக்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது.

"நம்ம புள்ளய எங்கங்க வச்சீங்க?" என்றேன்.

அவர் ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேக்காட்டு மூலையிலதான் புள்ள," என்றார். "மம்பட்டி படக்கூடாதுன்னு களைய மட்டும் கையால பிடுங்குவேன்."

அந்த இடத்திலேயே அழுதேன். வீடு திரும்பியதும் வழக்கப்படி தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மறுநாள் வெள்ளென இருவரும் மேல்காட்டுக்குப் போனோம். மூலையில் அவர் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். அடுத்ததை நான் பிடுங்கினேன்.