திரும்பி வந்த சீர்

என் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் முழுவதும், ஆவடியில் இருந்த கணவர் வீட்டிலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் திரும்பி வந்தது. கரையான்சாவடியில் அண்ணன் குடியிருக்கும் ஃபிளாட்டில் இறக்கினார்கள். இரும்பு பீரோ, கட்டில், கண்ணாடி வைத்த மேஜை, கிரைண்டர், எவர்சில்வர் அண்டா, தவலை, அடுக்குகள். இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை அவையே எடுத்துக்கொண்டன. கட்டிலின் மேல் பாத்திர மூட்டைகளை அடுக்கிவிட்டு, மிச்சமிருந்த தரையில் நானும் அம்மாவும் பாய் விரித்துப் படுத்தோம்.

விவாகரத்து ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. பொருள்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. நாளைக்கு எனக்கு வேறொரு இடம் அமைந்தால் இதையெல்லாம் மறுபடி யார் வாங்கித் தருவது என்று அம்மா கேட்பார். அப்பா இல்லை. இன்னொரு கல்யாணத்தில் எனக்கு விருப்பமில்லை என்று அம்மாவிடம் நான் சொன்னதே கிடையாது. தலையை ஆட்டிவிடுவது சுலபமாக இருந்தது.

அண்ணி ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. துணி உலர்த்தும் பால்கனிக்கு எங்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். கட்டில் முனைக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் போவார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் ஹாலில், சாப்பாட்டுத் தட்டுகள் நகர்ந்த பிறகு, தரையில் புத்தகத்தை விரிப்பாள். எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு லேப்டாப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தேன். அண்ணி ஈரத்துணி வாளியோடு போனபோது கட்டில் முனையில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. வாளியை வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கித் தேய்த்துவிட்டுக்கொண்டார். தரையில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு நேராக அந்தக் கால் இருந்தது. புதிதாக இடித்த இடத்தைச் சுற்றிலும் பழைய தழும்புகள், கறுத்துப்போய், எல்லாம் ஒரே உயரத்தில்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இந்தப் பொருள்களை நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் என்னையே கேட்டேன். அம்மாவுக்காக என்பது பொய். அவை கண்ணெதிரே இருக்கும்வரை நான் பாதிக்கப்பட்டவள். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அடுப்படிக்கு வா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். நான் பேச வேண்டியதை அந்த பீரோ பேசிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று சொன்னதும் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கல்யாணமே வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அப்பா ஒவ்வொன்றாகச் சேர்த்ததை என்னால் எப்படித் தூக்கிப்போட முடிகிறது என்று கேட்டார். ஆனாலும் நான் பின்வாங்கவில்லை.

பாத்திரங்களைக் குமணன்சாவடியில் ஒரு பாத்திரக் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். கோபத்தோடே அம்மாவும் ஏறி உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் அண்டாவைக் கவிழ்த்தார். விளிம்பில் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. அம்மா அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டார்.

"உருக்கும்போது பேரும் போயிடும் இல்லப்பா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம், இதை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்றை எடுத்தால் அடுத்ததையும் எடுப்பேன் என்று தெரியும். "தராசுல வைங்கண்ணா" என்றேன். திரும்பும் வழியெல்லாம் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கட்டிலையும் மேஜையையும் எடுத்துப்போகப் பழைய சாமான் கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பீரோவை மட்டும் அண்ணிக்குக் கொடுத்துவிட நினைத்திருந்தேன். இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. சாவியை நீட்டினேன். அண்ணி வாங்கவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு? எங்கம்மா ஊட்ல குடுத்த பீரோவையே அனுப்பிச்சிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அண்ணி சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் சீர் வரப்போகிறது என்றதும், அந்த இடத்தில் நின்ற தன் பீரோவைத் திருநின்றவூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்போது நான் இதே வீட்டில், இதே அறையில்தான் இருந்தேன். ஆட்கள் வந்து பீரோவைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

"நீ கெடந்த கெடைல உனுக்கு எங்க தெரியும்" என்றார் அண்ணி.

அதைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம், நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். கொடுத்ததைக் கேட்பது அசிங்கம் என்று சொல்லிவிட்டார். என் பீரோவும் வண்டியில் ஏறியது.

அறை காலியானதும் இருவரும் தரையைத் துடைத்தோம். பீரோ நின்ற இடத்தில் துருக்கறை பிடித்திருந்தது. அண்ணி சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ ஒண்ணு தெரிஞ்சிக்கோ. உன்னை அங்கியே அனுப்பிச்சிடணும்னு நான் சாமிய வேண்டிக்கினேன். அவன் உன்னை அடிச்சது தெரிஞ்சும்தான் வேண்டிக்கினேன். அதான் நான் எதையும் கேக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வேண்டுதலோடு நின்றிருப்பேனா என்றுதான் தோன்றியது. வாளித் தண்ணீரை மாற்றி எடுத்து வந்தேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இப்போது சனி, ஞாயிறு சமையல் என்னுடையது. துணி உலர்த்துவதும் நான்தான். மளிகை வாங்க அண்ணி கிளம்பினால் பையைப் பிடுங்கிக்கொள்கிறேன். சில நாள் அவருக்கு எரிச்சலாக இருக்கிறது. "சும்மா கொஞ்ச நேரம் குந்து" என்கிறார். உட்கார்ந்து பார்க்கிறேன். ஐந்து நிமிடம்கூட முடிவதில்லை.