கடலைச் சம்பளம்

தையல் மிஷினின் கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துத் திணித்துக்கொண்டிருந்தாள் காஜாக்கா. எண்ணெய் விட்டாயிற்று, பெல்ட்டையும் மாற்றியாயிற்று. மிதித்துப் பார்த்தாள். கடகடப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான். முன்னறையில் கணவரின் கட்டிலுக்கு எதிரே இருந்த மிஷினைச் சமையலறைக்குப் பின்னால் இருட்டுக்குள் இழுத்து வந்ததும் இந்தச் சத்தத்துக்காகத்தான்.

சின்ன வயதில் தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்தவள். இன்று பள்ளிச் சீருடைகளை மூட்டை மூட்டையாகத் தைத்துக் கொடுக்கிறாள். பெயர் மட்டும் பொத்தான் துளையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. மிஷின் முன்னறையில் இருந்தபோது, தைத்து எழுந்ததும் ஒரு பிடி வேர்க்கடலையைக் கட்டிலை ஒட்டிய ஜன்னலின் விளிம்பில் வைப்பாள். கொய்யா மரத்து அணில்கள் வந்து தின்னும். போகப்போக மிஷின் ஓடத் தொடங்கினாலே வந்து உட்கார்ந்தன. பிறகு யார் கையைக் கண்டும் அவை ஓடவில்லை.

"எப்பவாவது போட்டா அது விருந்து. நீ தினம் போட்டுச் சம்பளமாக்கிட்டே" என்பார் கணவர். லாரி ஓட்டியவர். இடுப்பு உடைந்து படுத்த பிறகும் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் வந்து வாசலில் நின்ற அன்று கேலி நின்றது. அவன் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது அணில் ஒன்று மடியிலேறி விரலைக் கடித்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஊசி போட்டுட்டு வர்றேன். இன்னொரு தடவை அணில் வந்தா எலி மருந்து வெச்சிடுவேன்."

"நான்தாம்பா பழக்கிட்டேன். இனிமே போட மாட்டேன்."

"நீங்க விட்டுடுவீங்க. அதுங்க விடணுமே."

அன்றோடு கடலை நின்றது. மரத்தடியில் தண்ணீர் மட்டும் வைத்தாள். ஒரேயடியாக நிறுத்தியது சரியா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டுமா என்று சோறு இறங்கவில்லை. ஜன்னலுக்கு வந்தவற்றைத் துணியை உதறித் துரத்தினாள். விளையாட்டு என்று நினைத்துத் தள்ளிப் போய் உட்கார்ந்தன. ஆத்திரத்தில் மர ஸ்கேலை வீசினாள். ஒரு குட்டியின் முதுகில் பட்டது. அது சுருண்டு விழுந்து, எழுந்து, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து அவள் கையைப் பார்த்தது.

மிஷின் உள்ளே போயும் அவை வருவது நிற்கவில்லை. இன்று காலை மெக்கானிக் ஏணி வைத்து ஏறி, தன் ஷெட் கூரையில் மாவுருண்டைகளை வைத்தான்.

"எடுத்துடுப்பா. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"நேத்தும் வந்துச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அவள் முன்னறைக்கு வந்தாள். படுக்கையைச் சரிசெய்யத் தலையணையைத் தூக்கியபோது அடியில் கடலைத் தோல் கிடந்தது. கூடவே ஒரு பொட்டலம்.

"இது என்ன?"

"கடலை. காஜா எடுத்து எடுத்துக் கண்ணும் போச்சா?"

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"பால்காரன். நல்ல பையன், சில்லறைகூடக் கேட்கலை."

"பக்கத்து வீட்டுக்காரன் மருந்து வெச்சிட்டான். நீங்க போடுறதைத் தின்ன இந்த ஜன்னலுக்கு வர்றதுங்க அவன் ஷெட் கூரை மேலதான் ஓடி வருது. தெரியும்தானே உங்களுக்கு?"

அவர் முகம் சுருங்கியது.

"மிஷினோட நீயும் உள்ள போயிட்டே. பொழுதன்னிக்கும் இந்த ரூமுக்கு வேற யாரு வர்றா, சொல்லு. மிஷினைத் திரும்ப இங்கயே கொண்டாந்து போடேன்."

"சத்தம் கேட்டா வரும். வந்தா சாகும்."

ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அறை இருண்டது. வெளியே ஏதோ மரச்சட்டத்தைப் பிறாண்டியது. அவள் உள்ளங்கையால் ஜன்னல் கதவில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். பிறாண்டல் நின்று, மறுபடி தொடங்கியது.

"அதுங்க கொஞ்ச நாள்ல மறந்துடும்" என்றார் அவர். "நான்?"

காஜாக்கா தலையணையைத் தட்டி அவர் தலைக்கடியில் வைத்தாள். மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.