வேர்க்காரர் வீட்டில் முளைத்த செடி

அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயிலிருந்து வேரை இழுத்துப் போட்டு, அது எந்த மரத்தின் வேர் என்று சொல்லக்கூடிய ஆள் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். முப்பது வருடமாக அதே வேலை. பிளம்பர் என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் போல நடப்பார். வேர்க்காரர் என்றால்தான் நிற்பார். பட்டத்தைத் தெருக்காரர்கள் கொடுத்தார்கள். தலைக்கனத்தை அவரே சேர்த்துக்கொண்டார்.

அவருடைய வித்தையில் குறை சொல்ல முடியாது. சாக்கடைக் குழியின் சேம்பர் மூடியைத் திறந்து, சுருள்கம்பியை உள்ளே விட்டுத் திருகி இழுப்பார். நுனியில் சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி ஒரு கற்றை வரும். வாளித் தண்ணீரில் அலசி, கட்டைவிரல் நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோவார். பால் வடிந்தால் ஆல், அத்தி வகையறா. சுருக்கென்று மூக்கில் ஏறினால் முருங்கை. ஒரே பருமனில் கொத்துக் கொத்தாக வந்தால் தென்னை. சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவார். வீட்டுக்காரர் நம்புகிறாரா இல்லையா என்று நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

தோட்டம் போடுகிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அதிலும், "தானா முளைச்சது, பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்கிற கூட்டத்தைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும். பாவமாம்! பெயர் தெரியாத ஆளை வீட்டுக்குள் படுக்க வைப்பார்களா? செடி என்றால் மட்டும் மனசு இளகிவிடும். அப்புறம் குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதும் இவரைத் தேடி ஓடிவருவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கே தலைவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் எது முளைத்தாலும் பிடுங்கக் கூடாது. செல்போனில் படம் எடுப்பார், போன் ஒரு பெயர் சொல்லும், அதை ஐஸ்குச்சியில் எழுதிப் பக்கத்தில் குத்திவைப்பார். மறுநாள் வேறு கோணத்தில் எடுத்தால் வேறு பெயர் வரும். அந்தக் குச்சியையும் குத்துவார். ஒரு செடிக்கு நாலு குச்சி நின்றன.

போன மாதம் அந்த வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. வேர்க்காரர் இழுத்து, கீறி, பாலைப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"அத்தி."

"அத்தியா? நம்ம வீட்ல அத்தியே கிடையாதே."

"உங்க வீட்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

மண்வெட்டியை எடுத்து, குழாயிலிருந்து வேரின் வாலைப் பிடித்துக்கொண்டே தோண்டிப் போனார். இரண்டு ரோஜாத் தொட்டிகளை நகர்த்தி, துணி உலர்த்தும் கம்பியைத் தாண்டி, மதிலோரம் போய் நின்றார். அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரம். அதன் குச்சியில் "பலா" என்று எழுதியிருந்தது. ஐந்து வருடமாகப் பலாப்பழத்துக்குக் காத்திருந்த மேனேஜரின் முகத்தை, வேர்க்காரர் ஒரு வாரம் டீக்கடை டீக்கடையாக நடித்துக் காட்டினார்.

இதெல்லாம் வெளியே. வீட்டில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள், ஒரு தையல் மெஷின் இருந்தது, பின்பக்கம் நாலடி மண் இருந்தது. மெஷின் பின்ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி வெயில் நேராக அவள் முகத்தில் அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் வேண்டும் என்று கல்யாணம் ஆன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளித்தான் குழாய் ஓடுகிறது. முளைத்ததையெல்லாம் வேர்க்காரர் விரல் உயரத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்.

இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள். முழங்கால் உயரம் வரும்வரை ஒரு செடியைப் பழைய கூடையைக் கவிழ்த்து மறைத்து வளர்த்து, பிறகு சுற்றிலும் செங்கல் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இது என்ன செடின்னு நீங்களே சொல்லுங்க. குழாயக் கெடுக்குற சாதின்னா நானே பிடுங்கிப் போட்டுடறேன். இல்லன்னா இது இங்கதான் நிக்கும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றார்.

சொல்லவேண்டியதுதானே? நாலு நாள் காலையிலும் அதன் முன் குந்திப் பார்த்தார். இலை நீளமாக இருந்தது. பச்சையாக இருந்தது. அதற்குமேல் ஒரு மண்ணும் விளங்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் எந்தச் செடியையும் மண்ணுக்கு மேலே உற்றுப் பார்த்ததில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. "இலையப் பார்த்துச் சொல்றதெல்லாம் ஜோசியம்" என்று முனகிவிட்டு வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"தைச்ச துணி கொடுக்கப் போனப்ப, ஒரு இலையக் கொண்டுபோய் மேனேஜர் சார்கிட்ட காட்டினேன். சீத்தாவாம். சின்ன மரமாத்தான் நிக்குமாம்."

வேர்க்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "அந்தாள்கிட்டயா? அத்தியப் பலான்னு சொன்ன அந்த ஆள்கிட்டயா?"

"நீங்க சொல்லல. வேற யார்கிட்ட கேக்கறது?"

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து பின்பக்கம் போனார். செங்கல்லைக் காலால் தள்ளினார். அவள் "ஐயோ, இருங்க" என்பதற்குள் தண்டின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. பழகிய கை, செடி முழுசாக வந்துவிட்டது.

வாளியில் அலசினார். கீறினார். பால் இல்லை. மோந்தார். மூக்கில் ஏதும் ஏறவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் கீறினார், பட்டையை உரித்தார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இலைகள் தொங்க ஆரம்பித்தன. அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செடிங்க?"

அவர் வேரை இன்னொரு தடவை மோந்தார்.

"சீத்தாவா இல்லையா?"

"இந்த வேர நான் பார்த்ததே இல்ல" என்று எரிந்து விழுந்தார். "முப்பது வருஷத்துல ஒரு குழாய்லகூட இது வந்ததில்ல. எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"ஒரு குழாய்லகூட வந்ததில்ல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். குரல் உயரவில்லை. "அப்ப இது குழாயக் கெடுக்காத செடி. கெட்டதத் தவிர நீங்க வேற எதையும் பார்த்ததே இல்லையா?"

அவர் அவசரமாகக் குனிந்து, குழியைக் கையால் தோண்ட ஆரம்பித்தார். "இப்பவே வச்சுடறேன். தண்ணி ஊத்தினா பிடிச்சுக்கும்."

"நீங்கதானே வேர்க்காரர். அதைக் கையில எடுத்து நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. பிழைக்குமா?"

எடுத்துப் பார்த்தார். தாய்வேர் மூன்று இடத்தில் பட்டை உரிந்து கிடந்தது. அலசியதில் மெல்லிய வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"பிழைக்காது" என்றார்.