முஸ்தா ஏரிக்கரையில் எழுந்த வெள்ளைப் புகை

எவெர்த்தி என் சித்தி மகன். சித்திக்கு இரண்டு பையன்கள்; மூத்தவன் இவன், இளையவன் தவ்னோ. நடுவில் பிறந்த பெண் ஸ்வீடன் பக்கம் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எவெர்த்திக்கு உட்காரத் தெரியாது. தேவாலயத்தில் பாதிரியார் பேசும்போது இவன் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சே ஆடும். குளிர்காலத்தில் மரம் வெட்டுவான், பனி உருகினால் வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டுவான். அதுவரை சரி. புல் அறுத்து முடிந்து, பனி விழத் தொடங்கும்வரை உள்ள நாட்கள்தான் அவனுக்கு ஆகாது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பான். பிறகு ஒருநாள் கோடரி, காப்பிக் கெட்டில், ரை ரொட்டி, உப்புக்கறி, ஒரு தார்ப்பாய், இவ்வளவையும் முதுகில் கட்டிக்கொண்டு முஸ்தா ஏரிக்குப் போய்விடுவான். அங்கே பாதை கிடையாது, குடிசை கிடையாது. எங்கள் குடும்பப் படகு ஒன்று இக்கரையில் கிடந்தது. அதிலும் ஏறமாட்டான், ஏறினால் உட்காரவேண்டுமே! சதுப்பைச் சுற்றி நடந்தே அக்கரை சேருவான்.

காட்டில் ஒருவன் மூட்டிய நெருப்பு தெரிந்தால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மனித முகம் வேண்டாம் என்றுதானே அவன் அங்கே வந்திருக்கிறான்? விலகிப்போவதுதான் மரியாதை. எவெர்த்தியின் மனைவி நஸ்தி அப்படி இல்லை. சண்டையில் எல்லை மாறி, கிழக்கே கரேலியா எங்கள் நாட்டின் கைவிட்டுப் போனபோது அங்கிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த குடும்பம். அவர்கள் வீட்டுக்கு வீடு நுழைந்து பேசுகிறவர்கள். “கதவு திறக்குறதுக்கு முன்னாடி கரேலியாக்காரி குரல் உள்ள வந்துரும்” என்று ஊரில் கேலி செய்வோம்.

அந்த வருஷம் போனவன், சொன்ன ஞாயிறு தாண்டியும் வரவில்லை. நஸ்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. தவ்னோ பறவை வேட்டைக்கு அதே ஏரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறான் என்று கேட்டு ஓடிவந்தாள். நான் அப்போது தவ்னோ வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, உங்க அண்ணனைப் பாத்தியா?”

“புகையைப் பாத்தேன் அண்ணி. அக்கரையில நல்லாத்தான் இருக்கான்.”

“என்ன புகை?”

“வெள்ளையா, திம்முன்னு. நேத்து முழுக்க, முந்தாநாளும். எனக்குக் கொஞ்சம் சங்கடமா போச்சு. நம்மளைப் பாத்துட்டான் போல, விலகிப் போங்கறான்னு கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு மேற்கால போயிட்டேன்.”

நஸ்தி குறுக்கிட்டாள். “அவன் நெருப்பு என்னைக்குய்யா புகைஞ்சிருக்கு?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நின்றபடியே செத்து, வருஷக்கணக்காகக் காய்ந்து வெளுத்த பைன் மரத்தைத்தான் எவெர்த்தி தேடி வெட்டுவான். இரண்டு கட்டையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடு இடுக்கில் தீ மூட்டினால் விடியும்வரை எரியும். கண்ணைக் கசக்கப் புகை வராது. வெள்ளைப் புகை வேண்டுமென்றால் பச்சைக் கிளையும் ஈரப்பாசியும் அள்ளிப் போடவேண்டும்.

“வேற ஏதாவது கேட்டுச்சா?” என்றாள்.

தவ்னோ கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “கத்துற மாதிரி இருந்துச்சு. பாடுறான்னு நினைச்சேன்” என்றான்.

“பாடுறானா! கல்யாணத்துலகூட வாயைத் திறக்காத மனுசன் காட்டுல போய்ப் பாடுறானா? எந்திரிய்யா!”

ஏரியில் நானும் தவ்னோவும் துடுப்புப் போட்டோம். நஸ்தி படகின் முன்னால் நின்றுகொண்டே வந்தாள். உட்கார் என்றால் கேட்கவில்லை. புகை மெலிந்துபோயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எங்கள் கை தானாக வேகம் பிடித்தது.

தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தான். கோடரி வழுக்கிப் பாதத்தில் இறங்கியிருக்கிறது. பூட்ஸைக் கிழித்து எடுத்திருந்தான். கால் வீங்கிக் கறுத்திருந்தது. கைக்கு எட்டிய பாசியெல்லாம் தீர்ந்து சுற்றிலும் வெறும் மண்.

எங்களைப் பார்த்ததும், “எதுக்கு இத்தனை பேரு?” என்றான்.

நஸ்தி அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கட்டுப்போட்டாள். அவன் தம்பியைப் பார்த்தான்.

“அக்கரையில நீதானே?”

“ஆமாண்ணே.”

“புகை தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு. தொந்தரவா இருக்குமோன்னு…”

எவெர்த்தி தலையாட்டினான். “நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்” என்றான்.

படகில் படுத்தபடி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். “காலை எடுத்துருவாங்களா? எடுக்கறதா இருந்தா என்னை இங்கயே விட்டுட்டுப் போங்க.” நாங்கள் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டோம். நகரத்து டாக்டர் இரண்டு கால்விரலை எடுத்தார், பாதம் தப்பியது. ஆனால் பனி உருகும்வரை நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

எவெர்த்தியைக் கட்டிலில் வைத்திருப்பது சாமானியமா? ஊன்றுகோலால் சுவரைத் தட்டித் தட்டி வீட்டை ஒருவழி பண்ணினான். கடைசியில் நஸ்தியே காய்ந்த கட்டை இரண்டை முற்றத்து மரத்தடிக்கு இழுத்துப்போட்டுத் தீ மூட்டி, தார்ப்பாய் கட்டிக் கொடுத்தாள். பனியில், மரக்கிளை பரப்பிய படுக்கையில் போய்ப் படுத்தான். ஒரு நிபந்தனை: மாட்டுக்கொட்டகைக்குப் போகும்போது அவள் கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டும்.

“ஏய் மனுசா, இருக்கியா?”

முதல் நாள் பேசாமல் கிடந்தான். அவள் பால் வாளியோடு தார்ப்பாய்க்குள் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாளிலிருந்து அவள் வாயைத் திறக்குமுன்னே, “இருக்கேன், இருக்கேன்!” என்று சத்தம் வந்துவிடும்.

தவ்னோ அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவான். வேலி ஓரம் நிற்பான், தொப்பியைக் கழற்றுவான், மாட்டுவான். ஒருநாள் முகமெல்லாம் சிவந்து, “அண்ணே… இருக்கியா?” என்று கத்தியேவிட்டான்.

“இருக்கேன்டா,” என்றது தார்ப்பாய். “போடா, வேலைக்கு நேரமாச்சு.”