நண்டைக் கைவிட்டவர்

ஸ்காபரோவில் நான் வேலைசெய்யும் மருந்துக்கடைக்கு, ஜூலை வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிய சட்டையோடுதான் அவர் வருவார். மெலிந்து உயர்ந்த மனிதர். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"மருந்தாலை பிரச்சினையில்லை, பிள்ளை. நண்டுதான் எனக்குக் கிரந்தி" என்பார்.

பத்து வருடங்களுக்கு முன் நண்டுக்கறி சாப்பிட்டதும் உடம்பெல்லாம் சிவந்து தடித்ததாம். பிறகு நண்டைத் தொடவேயில்லை.

சென்ற மாதம் தொண்டை நோவுக்கு எடுத்த அன்ரிபயோட்டிக் குளிசையால் மறுபடியும் தடித்தது. பழைய பதிவைத் தேடினேன். நண்டு சாப்பிட்ட அந்த வாரமும் நெஞ்சுச்சளிக்கு இதே குளிசை எடுத்திருந்தார். குளிசைதான் காரணம் என்று அவருடைய வைத்தியரும் சொல்லிவிட்டார்.

"அப்ப நண்டில்லையோ?" கைப்பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

"இல்லை, அங்கிள். இனி எந்த டொக்டரிட்டைப் போனாலும் இதைக் காட்டுங்கோ." குளிசையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கொடுத்தேன்.

"பின்பக்கம் தமிழிலை எழுதுங்கோ. வீட்டிலை மனிசி வாசிக்கவேணும். சளி வருத்தக்காரனுக்கு நண்டு காய்ச்சித் தந்தவள் எண்டு பத்து வருசமா அவளை ஏசிக்கொண்டிருக்கிறன்."

"நீங்களே சொல்லலாமே, அங்கிள்?"

"எழுதுங்கோ பிள்ளை."

'நண்டால் அல்ல, மருந்தால்' என்று எழுதினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மனிசியிலை பிழையில்லை எண்டும் போடுங்கோ."

ஒவ்வாமை அட்டையில் அதற்கு இடமில்லை. ஓரமாக எழுதினேன். கீழே என்னையே கையெழுத்தும் வைக்கச் சொன்னார்.