மாமா மடியில் தம்பி, மைக்செட்டில் நான்

எங்கள் திருநகர் வீட்டில் ஆளுக்கொரு பாட்டு இருந்தது. அப்பாவுக்குப் பழைய காதல் பாட்டு, அம்மாவுக்குச் சாமி பாட்டு, அக்காவுக்கு அந்த வாரம் வந்த பாட்டு. ஆறாம் வகுப்பு படித்த எனக்கு மட்டும் எதுவும் இல்லை. அவர்கள் போடுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கோடை விடுமுறைக்குச் சோழவந்தானில் இருந்த மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி; மைக்செட் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் பெட்டிதான் பாடும். ஒரு மத்தியானம் அவருடைய லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருந்தபோது, பெயர் போடாத ஒன்று அகப்பட்டது. பாடுகிறவர் யாரும் இல்லை. ஏதோ ஒரு குழல் மெல்ல ஏறி, இறங்கி, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இது அப்பா பாட்டும் இல்லை, அக்கா பாட்டும் இல்லை, எனக்கே எனக்கு. யாரிடமும் மூச்சு விடாமல் விடுமுறை முழுக்க இயர்போனில் அதையே கேட்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

அந்த விடுமுறையிலேயே குலசாமி கோயிலில் தம்பிக்குக் காதுகுத்து. மைக்செட் மாமாவுடையது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனும் அவரே.

“சாமி பாட்டு ஓடுது. முடிஞ்சா அடுத்தத மட்டும் போடு. வேற எதையும் தொட்றாத” என்று என்னைச் செட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

என் பாட்டை அவ்வளவு பெரிய பெட்டியில் கேட்டால் எப்படியிருக்கும்? தம்பிக்கும் நான் ஏதாவது நல்லதாகச் செய்ய வேண்டாமா? ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்துப் போட்டுவிட்டேன்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அது எழவு வீட்டில், பிணம் தூக்கும் வரைக்கும் மாமா போடுகிற ஷெனாய். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியவில்லை. மாமாவால் எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒரு காதுதான் குத்தியிருந்தது, மடியில் தம்பி வீறிட்டுக்கொண்டிருந்தான். “அமத்துடி! அமத்து!” என்று அவர் கத்த, பதற்றத்தில் எதையோ அமுக்கினேன். சத்தம் கூடியது. கடைசியில் யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

அப்பாவின் அக்காவான என் அத்தை சாமியாடாத குறைதான். “தாய்மாமன் சீரு இதுதானா? அந்தக் கருமத்த இப்பவே அழிங்க. இல்லாட்டி இங்க நாங்க யாரும் கை நனைக்க மாட்டோம்.”

மாமாவின் முகம் சுண்டிப்போனது. “அழிச்சிர்றேன் மதினி. தப்பு என்னோடதுதான், சாப்பிடாமப் போயிராதீக” என்று கும்பிட்டார்.

நான் அழுத அழுகையில் தம்பியே வாயை மூடிக்கொண்டான். பயந்துவிட்டேன் என்று நினைத்து ஆளாளுக்குத் திருநீறு பூசினார்கள். என் பாட்டு போகப்போகிறதே என்றுதான் நான் அழுதேன்.

சாயங்காலம் பெட்டிகளை வண்டியில் ஏற்றிய மாமாவிடம் போய் நின்றேன்.

“அழிச்சிட்டீங்களா மாமா?”

“இன்னும் இல்ல. ஒனக்கு எதுக்குடி அது?”

“அது என் பாட்டு மாமா. அதக் கேட்டா எனக்கு எம்புட்டுச் சந்தோசமா இருக்கும் தெரியுமா?”

“சந்தோசமா இருக்குமா? இதா?”

அடிதான் விழும் என்று நினைத்தேன். அவர் கோயில் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். இயர்போனில் ஒன்றை என் காதில் செருகி, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், “இன்னொருக்கா போடு” என்றார்.

எத்தனையோ வீட்டு வாசலில் அதைப் போட்டவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கும் பிடித்துப்போனால் அப்புறம் அது என் பாட்டாக இருக்காதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.