பஸ்ஸில் பறிபோன பாதி பிஸ்கட்

தாமல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இன்று முன்பின் தெரியாத ஓர் அக்கா மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.

என் மகளுக்கு இரண்டரை வயது. கடித்த பிஸ்கட்டின் மீதியை என் வாயருகே நீட்டி, "அம்மா, ஆ" என்றாள். ஐந்து மாத வயிற்றோடு இருக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உடனே பக்கத்து சீட் அக்காவிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டேவிட்டார்!

"பெத்த புள்ள ஆசையா குடுக்குது, எச்சின்னு பாத்துக்கினு இருக்கியேமா?"

"அதில்லக்கா. சின்னப் புள்ளைங்க எச்சிலு, மூத்திரத்துல ஒரு வைரஸ் இருக்கலாமாம். எனக்குத் தொத்திச்சுன்னா வயித்துல இருக்கிற கொழந்தைக்குக் காது கேக்காமகூட போயிடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுங்க கடிச்ச மீதிய சாப்பிடக் கூடாது, வாயில முத்தம் கூடாது, மூக்கு தொடச்சாலும் டயப்பர் மாத்தினாலும் சோப்பு போட்டுக் கை கழுவணும்."

"எனக்கெல்லாம் யாருமே சொல்லலியேமா" என்றார் அவர். அதற்குள் என் மகள் அவர் மடியில் ஏறிப் படுத்துவிட்டாள்.

நாங்கள் இறங்கும்போது அவர் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வேறு கொடுத்தாள். நான் அவள் உச்சந்தலையில் கொடுத்ததையோ கையால் துடைத்துவிட்டாள்.

என்னைப் போல் பிள்ளையைப் பக்கத்து சீட்டுக்குப் பறிகொடுத்த கர்ப்பிணிகள் இருந்தால் கமென்ட்டில் வந்து அழுங்கள். துணைக்கு நான் இருக்கிறேன்.